கிராணி பத்துமலை பகிர்ந்துகொண்டவை

முன்னாள் தோட்டக் குடியிருப்பாளர் மறுவாழ்வு ஒருங்கிணைப்புப் பிரிவின் தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர், திரு. பத்துமலை, தமது முப்பத்தோராண்டுச் சேவையில் எந்தக் கடிதத்துக்கும் தாமதமாகப் பதில் போட்டவர் அல்லர். இதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஈப்போவில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். மூச்சிரைக்க ஏறி வருகிறவர்களின் கண்ணில் முதலில் படும்படி மக்கள் சாசனத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பெறப்படும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் அனுப்பப்படும் என்று அதில் பொன் எழுத்தில் இருந்தது. பதிலில் ஏதாவது இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே பத்துமலை மூன்றே நாளில் பதில் போட்டுவிடுவார். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் விண்ணப்பம் உரிய தரப்பினரின் தீவிரப் பரிசீலனையில் உள்ளது. தங்கள் பொறுமைக்கு நன்றி.' மலாயில் எழுதப்பட்ட இந்த மூன்று வாக்கியங்களும் முப்பத்தோராண்டாக மாறவில்லை. கோவிட் காலத்தில், ஆள் பற்றாக்குறையை முன்னிட்டு, 'தீவிர' என்ற சொல் மட்டும் தற்காலிகமாக எடுக்கப்பட்டு, நிலைமை சீரடைந்ததும் மேலிடத்து ஒப்புதலோடு மறுபடி சேர்க்கப்பட்டது.

இந்தப் பதிலை அதிகமாகப் பெற்றவர்கள் சுங்காய் பக்கத்து மெல்வின் தோட்டத்து மக்கள். தோட்டத்தை விற்று, ரப்பர் மரத்தை வெட்டி, செம்பனை நட்டபோது, அங்கே இருந்த முப்பத்திரண்டு குடும்பங்களை ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி, லயம் எனப்படும் பலகை வீட்டு வரிசையில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த ஆறு மாதத்துக்கு இப்போது பத்தொன்பதாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. கல் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்களே என்று அவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், முப்பத்திரண்டு கடிதம் எழுதுவார்கள். பத்துமலை முப்பத்திரண்டு பதில் எழுதுவார்.

ஒழுங்கு பிடித்த மனிதர் அவர். ஒரு ஜனவரியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜூலையிலும் இதையேதான் கேட்கப்போகிறார்கள், நானும் இதையேதான் சொல்லப்போகிறேன், அதற்கு எதற்கு ஜூலை வரைக்கும் காத்திருக்க வேண்டும்? ஜூலைப் பதிலையும் அப்போதே அடித்து வைத்தார். அதில் ஒரு நிம்மதி கிடைத்தது. அடுத்த ஜனவரிக்கும் அடித்தார். அலுவலக நேரம் போதாமல், கோப்புகளை வண்டிச் சாவியோடு கோத்த பென்டிரைவில் போட்டுக்கொண்டு செமோரில் உள்ள வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியில் தொடர்ந்தார். அலுவலகக் கோப்பு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு ஜனவரியிலும் அப்படி எதுவும் போகவில்லை என்று எல்லாரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவார்கள். பத்துமலையும் போடுவார். அந்த உறுதிமொழியை அச்சடித்துக் கொடுப்பவரே அவர்தான்.

இப்படியாக 2028 டிசம்பர் வரைக்கும் பதில்கள் தயாராகிவிட்டன. அந்த டிசம்பரில் அவருக்கு அறுபது வயது நிறைகிறது, பணி ஓய்வு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் விரல் நிற்கவில்லை. 2029 மார்ச் என்று தேதி போட்டார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். அந்த மார்ச்சில் அவர் வீட்டில் இருப்பார். யார் நினைத்தாலும் அவரைக் கேள்வி கேட்க முடியாது. முப்பத்தோராண்டில் ஒரு தடவைகூட அடிக்காத ஒரு வாக்கியத்தை அடித்தார். 'தங்கள் விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் அடித்தார். பழைய வரைபடத்தைப் பார்த்து ஆளுக்கொரு வீட்டு எண்ணும் போட்டார். இயக்குநரின் கையெழுத்துப் படத்தை எல்லாவற்றிலும் ஒட்டினார். ஆண்டுக்கு அறுபத்து நான்கு முறை கையெழுத்துப் போட இயக்குநருக்குக் கை வலிப்பதால் அந்தப் படம் எப்போதுமே கிராணியின் வசம்தான் இருந்தது.

"ஞாயித்துக்கெழமையும் என்னங்க டைப்பு?" என்று அவர் மனைவி புனிதா எட்டிப் பார்த்தாள்.

"ஆபீஸ் வேலை."

"ஆபீஸ் வேலைக்கு எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"யாரு சிரிச்சா," என்றார் பத்துமலை.

அதற்கு அடுத்த மாதம்தான் ஷேர்லா வந்தது. அலுவலகத்தின் இலக்கவியல் பாதுகாப்புப் பொறுப்பாளர் செபாஸ்டியன், இரண்டு கைப்பேசி வைத்திருந்த காரணத்தால் அந்தப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டவர். அவர் தேநீர் வேளையில் ரகசியம் போலச் சொன்னார்.

"அண்ணே, ஷேர்லான்னு ஒரு புரோகிராம் இருக்கு. உலகத்துல உள்ள எல்லாரும் அவங்கவங்க கிட்ட இருக்கிறத அதுல போடுறாங்க. நமக்கு வேணுங்கிறத நாம எடுத்துக்கலாம். படம், பாட்டு, நாடகம், எல்லாம் இருக்கு லா."

"பாதுகாப்பா?"

"நான் மூணு வருசமா வச்சிருக்கேன்ணே. நான்தானே பாதுகாப்பு."

அந்த வாதத்துக்கு மறுப்பு இல்லை. பத்துமலை அன்று மாலையே ஷேர்லாவை மடிக்கணினியில் ஏற்றினார். முதலில் நாற்பத்தேழு பக்கத்துக்கு நிபந்தனைகள் வந்தன. விண்ணப்பப் பாரத்தை முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காக எத்தனையோ பேரை மூன்று மாடி இறக்கித் திருப்பி அனுப்பிய பத்துமலை, நாற்பத்தேழு பக்கத்தையும் இரண்டு விநாடியில் கடந்து 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினார். அடுத்து, உங்கள் கணினியில் உள்ள எவற்றைப் பகிர விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. கேட்டதை எல்லாம் கொடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று தம் மேசைக்கு வருகிறவர்களுக்கு அவர் தினமும் சொல்வதுண்டு. ஆகவே 'எல்லாம்' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

மூன்று நாள் கழித்து முதல் படம் வந்து இறங்கியது. திறந்து பார்த்தால் படம் இல்லை, ஜொகூர் பக்கத்தில் யாரோ வீட்டுக் கல்யாணம். படத்தின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் ஒன்றாக இருந்ததால் நேர்ந்த குழப்பம். இறக்கியதை வீணாக்க வேண்டாம் என்று கணவனும் மனைவியும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுக் கல்யாணத்தையும் பார்த்தார்கள்.

"பொண்ணோட அத்தை மொகத்த பாருங்க. சீர்ல ஏதோ கொறைஞ்சிருச்சி போல," என்றாள் புனிதா.

"அத விடு. வீட்டு வீடியோவ இப்படி ஊருக்கே தொறந்து விட்டிருக்கானே, எவ்வளவு வெவரம் கெட்ட ஆளா இருப்பான்," என்று சொல்லிப் பத்துமலை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் மடிக்கணினியின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னியது. நன்றாக வேலை செய்கிறது என்று அவர் நினைத்தார். அது உண்மைதான்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் கலாதேவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜெலாப்பாங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை, வாரக் கடைசியில் மெல்வின் தோட்டத்து லயத்துக்குப் போய்விடுவாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. என்ன விசயம்?"

"நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்ணே."

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படி யாரும் சொன்னதில்லை. மாடி மாறி வந்துவிட்டாளோ என்று பத்துமலைக்குச் சந்தேகம்.

"நன்றியா? எதுக்கு?"

"வீடு கெடைச்சதுக்கு."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து, ஓரம் மடங்கியதை நீவிவிட்டாள். பத்துமலை படித்தார். மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்றிருந்தது. வீட்டு எண் பதினேழு. இயக்குநர் கையெழுத்து. தேதி 2029 மார்ச்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது, இது இன்னும் நாங்க அனுப்பவே இல்லியேக்கா."

"அதத்தான் லயத்துல எல்லாரும் சொல்றாங்க. நம்ம கிராணி மாதிரி சுறுசுறுப்பு யாருக்கும் வராதுன்னு. நாலு வருசத்துக்கு முன்னாடியே பதில் போட்டுட்டாரேன்னு."

அவள் முகத்தில் கேலி தெரிகிறதா என்று பார்த்தார். எதுவும் தெரியவில்லை.

"எங்க கெடைச்சிச்சி?"

"ஷேர்லாவுல. எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழா வீடியோ யாராச்சும் போட்டிருக்காங்களான்னு மெல்வின்னு அடிச்சித் தேடுனேன். திருவிழா வரல, நீங்க வந்தீங்க. பத்துமலைன்னு உங்க பேருலயே ஒரு பெட்டி. முப்பத்திரண்டு வீட்டுக்கும் இருந்துச்சி. எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து சனிக்கெழம குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"2026, 27, 28 எல்லாம் படிச்சோம். ஒரே மாதிரிதான் இருந்துச்சி. கடைசிதான் நல்லா இருந்துச்சி. உங்க பாட்டும் கேட்டோம்."

பத்துமலை வீட்டுக் குளியலறையில் பாடிப் பதிவு செய்து வைத்த இருபத்து மூன்று பாடல்கள் அதே மடிக்கணினியில் இருந்தன. மனைவிக்கே தெரியாத விஷயம்.

"ஞாயித்துக்கெழம லயத்துல ஸ்பீக்கர்ல போட்டோம். முருகன் பாட்டு நல்லா இருந்திச்சிண்ணே. ஜோடிப் பாட்டுல பொம்பள கொரலும் நீங்களேதான?"

அவர் மேசையில் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"அப்புறம் அந்த ரத்தப் பரிசோதனை. கொழுப்பு ரொம்ப ஏறியிருக்கு. இதெல்லாம் சாப்பிடாதீங்க," என்று மேசையில் தாளில் சுற்றி வைத்திருந்த வடையைக் கண்ணால் காட்டினாள். பத்துமலை அதன் மேல் ஒரு கோப்பை நகர்த்தி வைத்தார்.

"கடிதம் எங்கப்பா பழனியப்பன் பேருல வந்திருக்கு. அவரு செத்து ஆறு வருசம் ஆச்சி. என் பேருக்கு மாத்தணும்."

"எறந்தத நீங்க எங்களுக்குத் தெரியப்படுத்தணும்க்கா. ஃபைல்ல வரலியே."

"அப்பவே எழுதுனேன்ணே. மூணு நாள்ல பதில் போட்டீங்க." அவள் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம், அது உரிய தரப்பினரின் தீவிரப் பரிசீலனையில் உள்ளது என்று அதில் இருந்தது. தங்கள் பொறுமைக்கு நன்றி என்றும் இருந்தது.

பத்துமலை அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். முதல் முறையாக அதை வாங்குகிறவனின் கண்ணால் படித்தார்.

"சாவி எப்பண்ணே வாங்கிக்கிறது?"

"வெள்ளிக்கெழம வாங்கக்கா," என்று அவர் வாய் சொன்னது.

இயக்குநர் தனேஸ்வரன் கதவைச் சாத்தி, செபாஸ்டியனையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவசரக் கூட்டம் தொடங்கியதாகக் குறிப்பு எழுதச் சொன்னார். அடுத்த ஆண்டு நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்குப் பதவி உயர்வில் போக வேண்டியவர். வெண்மையான முகம் இன்னும் வெளுத்திருந்தது.

"கடிதம் போலின்னு சொல்லிருவோம்," என்றார்.

"கையெழுத்து உங்களுது துவான்," என்றார் பத்துமலை பணிவாக.

"கையெழுத்தும் போலி."

"அப்பிடின்னா போன பத்து வருசத்துக் கடிதமும் போலின்னு ஆயிரும் துவான். எல்லாத்துலயும் அதே படந்தான்."

தனேஸ்வரன் யோசித்தார். "சரி, கடிதத்தத் திரும்பப் பெறுவோம். அதுக்குப் பாரம் இருக்குல்ல?"

"அனுப்புன கடிதத்துக்குத்தான் பாரம் இருக்கு. அனுப்பாத கடிதத்தத் திரும்பப் பெற பாரம் இல்ல துவான்."

"அப்ப உண்மையச் சொல்லிறலாமா? வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து கசிஞ்சிருச்சின்னு?" இதைச் சொன்னவர் செபாஸ்டியன். இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜனவரி உறுதிமொழியில், ஒவ்வோர் ஊழியரையும் தாமே நேரில் பரிசோதித்ததாக இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த யோசனை குறிப்பில் ஏறவில்லை.

எவ்வளவு கசிந்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும் என்று முடிவானது. அதற்கு ஷேர்லா வேண்டும். ஆகவே, விசாரணை நோக்கத்துக்கு மட்டும் என்று குறிப்பிட்டு, அலுவலகக் கணினியில் ஷேர்லாவை ஏற்ற எழுத்து மூலமாக அனுமதி வழங்கப்பட்டது. எவற்றைப் பகிர விரும்புகிறீர்கள் என்ற கேள்வி வந்தபோது செபாஸ்டியன் கொஞ்சமும் தயங்காமல் 'எல்லாம்' என்பதில் குறி போட்டார்.

"ஏன் தம்பி?" என்று பத்துமலை பதறினார்.

"நீங்க எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செஞ்சி பாத்தாத்தானேண்ணே விசாரணை நேர்மையா இருக்கும்."

அதிலும் தவறு காண முடியவில்லை. சம்பவம் எல்லா விவரங்களோடும் வெற்றிகரமாக மறுபடி நடத்திக் காட்டப்பட்டது.

அன்று மதியம் மூன்று பேரும் சாப்பிடவில்லை. பத்துமலை தம் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்பார்கள், விசாரணை வரும், ஓய்வூதியம் போகும், பாட்டு ஊரெல்லாம் பரவும். இவற்றுக்கு நடுவில் அந்தப் பெண் தாளின் ஓரத்தை நீவிவிட்டது அவர் கண்ணில் வந்து வந்து போனது. அப்போதுதான் ஒன்றும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கவனித்தார்.

"துவான், அது 2029 இல்ல. 2019. ஒண்ணு அடிக்கிற எடத்துல வெரல் நழுவி ரெண்டு விழுந்திருச்சி. எழுத்துப் பிழை."

தனேஸ்வரன் மெல்ல நிமிர்ந்தார். எழுத்துப் பிழைக்குப் பாரம் இருந்தது. பச்சை நிறத்தில், இரண்டு படிகளில். எழுத்துப் பிழையால் யார் வேலையும் போனதில்லை.

"ஆனா 2019-ல நாம ஒப்புதல் குடுத்திருக்கணுமே?"

"ஃபைல எடுத்துப் பாத்துருவோம் துவான்."

மெல்வின் தோட்டக் கோப்பை யாரும் திறந்து பல ஆண்டாகியிருந்தது. கடிதம் வந்தால் பதிலோடு சேர்த்துத் துளை போட்டு மேலே கோப்பதோடு சரி. இரும்பு அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து அதை இழுத்தார்கள். அந்த அலமாரியின் தலையில்தான் அலுவலகத்துத் தண்ணீர் கொதிக்கும் கெட்டில் இருந்தது. 2019 பிப்ரவரியில் வீடமைப்புப் பிரிவு எழுதிய ஒரு கடிதம் கோப்பில் இருந்தது. முப்பத்திரண்டு வீடும் கட்டி முடித்தாயிற்று, சாவிகளை இத்துடன் அனுப்பியிருக்கிறோம், குடும்பங்களுக்குத் தாங்கள் ஒப்புதல் கடிதம் அனுப்பி வீட்டை ஒப்படைக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

அதற்கும் பதில் போடப்பட்டிருந்தது. மூன்று நாளில். தீவிரப் பரிசீலனையில் உள்ளது என்று.

பழுப்பு உறை ஒன்று அலமாரியின் அடியில் கிடந்தது. கவிழ்த்தபோது முப்பத்திரண்டு சாவியும் மேசையில் விழுந்தன. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய எண்.

வீடு தயாராக இருந்தது, சாவி வந்திருந்தது, வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். அதை அடிக்க வேண்டியவர் பத்துமலை. ஆறு வருடமாகத் தினமும் இரண்டு வேளை அந்தச் சாவிகளுக்கு மேலே தேநீர் கலக்கிக் குடித்திருக்கிறார். யாரோ மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்ய வேண்டும் என்றே நம்பியிருந்தார். மேலே இருந்தது கெட்டில்தான்.

"ரொம்ப நல்லதாப் போச்சி," என்றார் தனேஸ்வரன். அவருக்கு நிஜமாகவே மகிழ்ச்சி. "தேதி கச்சிதமா பொருந்துது."

வெள்ளிக்கிழமை கலாதேவி வந்தாள். பத்துமலை பதினேழாம் எண் சாவியைக் கொடுத்து, திருத்தப்பட்ட கடிதத்தைக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். அவள் கடிதத்தின் தேதியைப் பார்த்தாள்.

"2019 மார்ச்சா?"

"ஆமாக்கா. எழுத்துப் பிழை. வருத்தப்படுறோம்."

"அப்பா செப்டம்பர்ல போனாரு," என்றாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் திட்டியிருந்தால் பத்துமலைக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படித் திட்டுகிறவர்களுக்குச் சொல்ல அவரிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. அவள் எழுந்து, "வாரேன்ணே," என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி மிஷெல் வந்தார். கையில் அவர்களுடைய ரகசியக் கூட்டத்தின் குறிப்பு இருந்தது.

"ஒண்ணும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்குன்னு மூணாவது பத்தியில எழுதியிருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

தனேஸ்வரன் மேசையைப் பிடித்துக்கொண்டார். செபாஸ்டியன் ஜன்னலைப் பார்த்தார். பத்துமலைக்கு உண்மையிலேயே புரியாததால் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். "மேடம், அது பூட்டி வச்சிருந்த குறிப்பாச்சே. உங்க கைக்கு எப்படி வந்துச்சி?"

மிஷெல் வாயைத் திறந்தார், மூடினார். சனிக்கிழமை வீட்டில் ஒரு கொரியத் தொடரின் பதினோராம் பகுதியைத் தேடிக்கொண்டிருந்தபோது அது கிடைத்தது என்பதை எந்தப் பாரத்திலும் நிரப்ப முடியாது.

"உரிய வழியில வந்துச்சி," என்றார் கடைசியில்.

"அப்ப சரிங்க மேடம்," என்றார் பத்துமலை.

விசாரணை அறிக்கையிலும் அதுவே ஏறியது. ஆவணங்கள் யாவும் உரிய வழியில் பொதுமக்களைச் சென்றடைந்துள்ளன. இவ்வாறு ஷேர்லா உரிய வழியாயிற்று. ஒரு தாள்கூட அச்சிடாமல் முப்பத்திரண்டு கடிதத்தை மக்களின் வீட்டுக்கே சேர்த்தமைக்காகப் பிரிவுக்குக் காகிதமில்லாச் சேவை விருது கிடைத்தது. அதற்கான பாராட்டுப் பத்திரம் கனமான காகிதத்தில் வந்தது. தனேஸ்வரன் புத்ராஜெயாவுக்குப் போனார். பத்துமலைக்கு ஒரு குவளை கொடுத்தார்கள்.

இதற்குள் விஷயம் தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்தது. எல்லாருடைய கடிதமும் எங்கோ ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, ஷேர்லாவில் தேடினால் கிடைக்கும் என்று சுங்காயிலிருந்து செமோர் வரை பேச்சு. படித்தவர், படிக்காதவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், லாரி ஓட்டுநர் எல்லாரும் ஏற்றிக்கொண்டார்கள். எல்லாரும் 'எல்லாம்' என்பதில் குறி போட்டார்கள். ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல், பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, மகள் பூப்பு நீராட்டு விழாப் படம், சொத்துத் தகராறில் தம்பிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட வசைக் கடிதம் எல்லாம் பேராக் மாநிலத்தின் மேல் மழை போலப் பொழிந்தன. பிரிவு அலுவலகத்துக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஐசி நகல் கொண்டு வா என்று யாரையும் மூன்று மாடி ஏற வைக்க வேண்டியதில்லை. பெயரைத் தட்டினால் நகல் வந்தது. ஒரு மாதம் முகப்பில் ஈ ஆடவில்லை.

அடுத்த மாதம் கூட்டம் திரும்பி வந்தது. தோட்டத்தில் பெயர் பதியக் காலைப் பிரட்டுக்கு நிற்பது போல மாடிப்படி வரைக்கும் வரிசை. முதலில் நின்றவர் ஜெலாப்பாங் இராமசாமி. அவருடைய படத்தை எடுத்து எவனோ முட்டிவலித் தைல விளம்பரத்தில் போட்டு, ஒரே வாரத்தில் ஓடியாடித் திரிகிறேன் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தான். அதைப் புகார் செய்ய அவர் தடியூன்றி நொண்டியபடி மூன்று மாடி ஏறி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவள் கலாதேவி.

"என் ஐசி நகல வச்சி கெடா மாநிலத்துல யாரோ மூணு போன் லைனும் ஒரு மோட்டார் சைக்கிளும் எடுத்திருக்காங்க. போலீஸ்ல கூப்பிட்டு, ஏன் சிகப்பு வெளக்குல நிக்காமப் போனீங்கன்னு கேக்குறாங்க. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுண்ணே."

"வீடு எப்படிக்கா இருக்கு?" என்று பத்துமலை மெதுவாகக் கேட்டார்.

"வீட்டுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. மழைக்கு ஒழுகல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஷேர்லாவ அழிச்சிரலாமாண்ணே?"

மாடிப்படியில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"அழிச்சிட்டா வீட்டுப் பட்டா எப்படி வரும்?" என்றார் இராமசாமி. "அதுக்கும் கடிதம் எழுதி வச்சிருப்பாங்கல்ல? வர்ற நேரத்துல நாம அழிச்சிட்டு உக்காந்திருந்தா?"

பின்னால் பலர் தலையாட்டினார்கள். எல்லாரும் பத்துமலையின் முகத்தைப் பார்த்தார்கள். அவர்தானே அனுபவப்பட்டவர். அவருடைய பாட்டும் கொழுப்பும் இன்று ஈப்போவில் தெரியாதவர் இல்லை. அழித்துவிடுங்கள், இன்றைக்கே, இந்த நிமிடமே என்று சொல்ல வேண்டும். அவருக்கு அது தெளிவாகத் தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தார். வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பழைய படம் நினைவுக்கு வந்தது.

"அழிக்கணுந்தான்க்கா," என்றார். "ரெண்டு நாள் போகட்டும்."

கலாதேவி அவரை உற்றுப் பார்த்தாள். "எத்தன பர்சன்ட் ஆயிருக்கு?"

"எண்பத்தெட்டு."

"எனக்குத் தொண்ணூத்தொண்ணு," என்று சொல்லி, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.